வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 நவம்பர் 3ஆம் திகதி அமெரிக்காவில் இடைத்தவணைத் தேர்தல். அவர்களுக்கு இரவாகும்போது எங்களுக்கு 4ஆம் திகதி காலை. இன்னும் நாள் இருக்கும்போதே எழுதுகிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவதைச் செய்ய ஒரு பத்திரிகைக்கு முன்கூட்டிய ஆயத்தம் வேண்டும். எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதோடு, அங்கே சில மாநிலங்களில் மக்களிடம் நேரடியாகக் கேட்கப்படும் கேள்விகளின் முடிவுகளையும் போடுங்கள். போடும்போது, என்ன கேள்வி கேட்கப்பட்டது, வெல்வதற்கு எத்தனை வீதம் தேவைப்பட்டது என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

2024 நவம்பர் 5ஆம் திகதி நடந்த தேர்தலில் ஜனாதிபதியைத் தெரிவுசெய்த அதே வாக்குச்சீட்டில், பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு உரிமை பற்றியும் கேட்டிருந்தார்கள். ஏழு மாநிலங்களில் அந்த உரிமை வென்றது, மூன்றில் தோற்றது. நான் வாசித்த தமிழ்ப் பத்திரிகைகளில் ட்ரம்ப் வென்றது முதற்பக்கம் முழுக்க இருந்தது. இது பற்றி உள்பக்கத்தில்கூட ஒரு வரி இல்லை. எங்கள் பாராளுமன்றத் தேர்தலுக்கு எட்டு நாள் இருந்த நேரம், இடம் இல்லாமற் போயிருக்கலாம். சரி, அதற்குப் பிறகாவது வந்திருக்கலாம். வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். அரசியல் படித்தவள் அல்ல. ஆனால் சட்ட வாசகத்தில் ஒரு சொல் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் காணி எப்படிக் கைமாறும் என்பதை மேசையில் இருந்து பார்த்தவள். அண்ணன் மகன் ஒகையோ மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். தங்கை எண்பதுகளில் சுவிஸுக்குப் போய் இப்போது அந்நாட்டுப் பிரஜை. இவர்கள் இருவரும் அனுப்பும் செய்திகளால்தான் இந்த வாக்கெடுப்புகளைப் பின்தொடரும் பழக்கம் எனக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி வாக்களிக்கும் ஒரு மகனோ மருமகளோ வெளிநாட்டில் இருப்பார்கள். அவர்கள் அங்கே எதற்கு "ஆம்" போடுகிறார்கள், எதற்கு "இல்லை" போடுகிறார்கள் என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த 2024 நவம்பர் 6ஆம் திகதி காலை சூரன் போருக்கு முதல் நாள். விரதம் என்பதால் அடுப்படி வேலை குறைவு, தொலைபேசியோடு இருக்க நேரம் கிடைத்தது. எங்கள் நேரம் காலை ஆறரைக்குப் புளோரிடாவில் எல்லா வாக்குச்சாவடிகளும் மூடியாகிவிட்டன. அவர்கள் வேகமாக எண்ணுகிறவர்கள். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் நான்காவது திருத்தத்துக்கு ஐம்பத்தேழு வீதம் ஆதரவு என்று வந்தது. வென்றுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தோற்றது. இறுதிக் கணக்கு 57.2 வீதம், ஆனால் புளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 வீதம் தேவை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் மூன்றாவது திருத்தமும் 55.9 வீதம் பெற்று அப்படியே விழுந்தது. அதே காலை மிசூரியில் அதே கருக்கலைப்பு உரிமை 51.6 வீதத்தோடு வென்றது. அங்கே பாதிக்கு மேல் வந்தால் போதும்.

ஐம்பத்தேழு தோற்கிறது, ஐம்பத்தொன்றரை வெல்கிறது. இந்த இரண்டு எண்களையும் விளக்கம் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வாசிக்கிறவர் என்ன விளங்கிக்கொள்வார்? காணி உறுதியில் நாலு எல்லையையும் எழுதாமல் "இரண்டு பரப்பு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தது போல இருக்கும்.

புளோரிடாவின் அந்த 60 வீத விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அதுவும் ஒரு மக்கள் வாக்கெடுப்பில் வந்ததுதான், 2006இல். அன்று அதற்கு ஆதரவாக விழுந்தது ஏறக்குறைய 57.8 வீதம். தான் விதித்த அறுபதைத் தானே எட்டாத விதி, பதினெட்டு வருடம் கழித்து 57.2 வீதத்தைத் தோற்கடித்தது. இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை. சட்டப்படி அதில் பிழை இல்லை என்று தெரியும். ஆனால் வீதத்தை யார் வைக்கிறார், எப்போது வைக்கிறார் என்பதுதான் பாதி முடிவு என்று அன்றைக்கு விளங்கியது.

ஒகையோவில் இதையே இன்னும் வெளிப்படையாகப் பார்த்தோம். 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமைக்கு வாக்கெடுப்பு வர இருந்தது. அதற்கு முன்னர், ஓகஸ்ட் மாதத்தில், தேவையான வீதத்தை 60 ஆக உயர்த்தலாமா என்று சட்டசபை ஒரு தனி வாக்கெடுப்பு வைத்தது. விடுமுறைக் காலம், வேறு பெரிய தேர்தல் இல்லை, ஆட்கள் வரமாட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள். வந்தார்கள். 57 வீதமானவர்கள் முடியாது என்று போட்டார்கள். நவம்பரில் உரிமை 56.8 வீதத்தோடு வென்றது. ஓகஸ்ட்டில் கவனிக்காமல் இருந்திருந்தால் நவம்பரில் அந்த 56.8 தோல்வியாக எண்ணப்பட்டிருக்கும். அண்ணன் மகன் வேலையால் வந்து, பிள்ளையைக் காரில் வைத்துக்கொண்டு ஓகஸ்ட் வாக்குக்குப் போனதாகச் சொன்னான். அவனுடன் வேலை செய்யும் தமிழர்களில் சிலருக்கு அப்படி ஒரு வாக்கெடுப்பு நடப்பதே தெரியாதாம். அவர்களுக்கு அங்கே தமிழில் சொல்ல ஆள் இல்லை. எங்கள் பத்திரிகைகளை அவர்கள் இணையத்தில் வாசிக்கிறார்கள் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு விடயம். எங்களில் பலர் அமெரிக்காவை இரண்டு கட்சியாக மட்டுமே பார்க்கிறோம். அந்த இரவில் அரிசோனா, மொன்டானா, மிசூரி மூன்றும் ட்ரம்பைத் தெரிவுசெய்தன. மூன்றும் அதே சீட்டில் கருக்கலைப்பு உரிமைக்கும் ஆம் என்றன. அரிசோனாவில் அது 61.6 வீதம். ஆளைத் தெரிவுசெய்யும்போது ஒரு கணக்கு, தன் வீட்டுக்குள் வரும் சட்டத்தை எழுதும்போது வேறு கணக்கு. கலிபோர்னியாவை முற்போக்கான மாநிலம் என்கிறார்கள். அங்கே ஒரே இரவில் ஆணோ பெண்ணோ யாரும் யாரையும் மணக்கலாம் என்பதை 62 வீதத்துக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள், சிறைக் கைதிகளைக் கட்டாய வேலை வாங்குவதை நிறுத்தும் முன்மொழிவை நிராகரித்தார்கள். மனிதர்களைப் பற்றி ஒரு கட்சியின் வெற்றி தோல்வி சொல்லாத எவ்வளவோ இதில் தெரிகிறது. அந்தக் கலிபோர்னியாவில் எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும், தபாலில் பிந்தி வரும் வாக்குகளையும் அவர்கள் ஏற்பார்கள். அன்றிரவு வரும் எண்ணை இறுதி எண் என்று போடக்கூடாது.

வென்ற பிறகும் கதை முடிவதில்லை. மிசூரியில் அன்று குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தி, நோய்க்காலத்தில் சம்பளத்தோடு லீவு கொடுக்கும் முன்மொழிவும் வென்றது. அது அரசியலமைப்பில் சேராமல் சாதாரணச் சட்டமாக வந்தபடியால், 2025இல் சட்டசபை அந்த லீவை நீக்கிவிட்டது. கருக்கலைப்பு உரிமை அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டதால் அதை நீக்க மீண்டும் மக்களிடம்தான் போக வேண்டும். அந்த வாக்கெடுப்புத்தான் இந்த நவம்பர் 3இல் வருகிறது. வாக்குச்சீட்டுக்கு முதலில் எழுதப்பட்ட சுருக்கத்தில், 2024இல் மக்கள் கொடுத்த உரிமையை இது நீக்கும் என்ற விடயமே இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், நீதிபதி திருத்தி எழுதச் சொன்னார். அப்புறம் நெவாடா. அங்கே அரசியலமைப்பில் கை வைக்க இரண்டு பொதுத் தேர்தல்களில் அடுத்தடுத்து வெல்ல வேண்டும். 2024இல் கருக்கலைப்பு உரிமைக்கு 64 வீதம் கிடைத்தது, இரண்டாவது முறை இப்போது. ஆகவே இந்த ஆண்டு மிசூரியிலும் நெவாடாவிலும் நடக்கப்போவது 2024இன் தொடர்ச்சி. முதற்பாகத்தைப் போடாத பத்திரிகைகள் இரண்டாம் பாகத்தைப் போடும்போது வாசகருக்கு முன்கதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வியின் வாசகத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், "ஆம்" என்பதும் "இல்லை" என்பதும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று கேள்வியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 2022 ஓகஸ்ட் 2இல் கன்சாஸில் 59 வீதம் "இல்லை" விழுந்தது. அந்த "இல்லை" கருக்கலைப்பு உரிமையைக் காப்பாற்றிய வாக்கு, ஏனென்றால் அதை அரசியலமைப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்றுதான் கேட்டிருந்தார்கள். 2024இல் நெப்ராஸ்காவில் ஒரே சீட்டில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முன்மொழிவுகள். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தடை என்பது 55 வீதத்தோடு வென்றது, உரிமையை விரிக்கும் மற்றது சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அயர்லாந்தில் 2024 மார்ச் 8இல், பெண்ணின் இடம் வீடு என்ற தொனியில் இருக்கும் பழைய அரசியலமைப்பு வாசகத்தை மாற்றக் கேட்டார்கள். 73.9 வீதம் இல்லை. அயர்லாந்து மக்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள் என்று இதை மட்டும் பார்த்தவர் சொல்வார். 2015இல் ஒருபாலினத் திருமணத்தை 62 வீதத்தாலும் 2018இல் கருக்கலைப்பை 66.4 வீதத்தாலும் ஏற்றுக்கொண்ட அதே மக்கள்தான் அவர்கள். புதிதாக முன்வைத்த வாசகம் மங்கலாக இருக்கிறது, பராமரிப்பவர்களுக்கு அரசு என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்லவில்லை என்று பலர் அதை நிராகரித்தார்கள்.

இதெல்லாம் தூரத்து நாட்டுக் கதை, யாழ்ப்பாணத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1982 டிசம்பர் 22ஐ மறந்தவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும்.

அந்த வருடம்தான் எனக்கு வாக்குரிமை கிடைத்தது. ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல், இரண்டு மாதத்தில் சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு வருடம் நீட்டலாமா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. எங்கள் வளவுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க் குடத்துக்குப் புள்ளடி போட்டோம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குத்தான் போட்டார்கள். இரவு வானொலிக்கு முன்னால் அப்பா கொப்பியில் மாவட்டம் மாவட்டமாக எழுதிக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணத்து எண்ணைக் கேட்டு நாங்கள் கைதட்டினோம். அப்பா கைதட்டவில்லை, தொடர்ந்து எழுதினார். நாடு முழுக்கக் கூட்டியபோது விளக்குக்கு 54.66 வீதம். எங்கள் பத்தில் ஒன்பது அந்தக் கூட்டுத்தொகையில் கரைந்து போனது. அப்படி நீட்டிக்கப்பட்ட பாராளுமன்றம்தான் 1983 ஓகஸ்ட்டில் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன்படி, தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். இந்த நாட்டில் இன்றுவரை நடந்த ஒரேயொரு தேசிய சர்வசன வாக்கெடுப்பு அதுதான். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கேட்டுக் கிழக்கு மாகாணத்துக்கு 1988 முடிவதற்குள் ஒன்று வைப்பதாக எழுதினார்கள், வைக்கவே இல்லை.

ஆகவே மக்களிடம் கேட்டுவிட்டோம், மக்கள் சொல்லிவிட்டார்கள் என்று யார் சொன்னாலும், எந்த மக்களிடம், எதைக் கேட்டு, எப்படி எண்ணினீர்கள் என்று திருப்பிக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. சுவிஸில் அரசியலமைப்பைத் திருத்த மொத்த வாக்கில் பெரும்பான்மை போதாது, மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். 2020 நவம்பரில் பெரிய நிறுவனங்கள் வெளிநாடுகளில் செய்யும் தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற முன்மொழிவுக்கு மக்களில் 50.7 வீதம் ஆம் என்றும், மாநிலங்கள் பெரும்பாலும் இல்லை என்றதால் அது விழுந்தது. நல்ல முன்மொழிவு விழுந்துவிட்டதே என்று தங்கைக்குக் கவலை. எனக்கும்தான். ஆனாலும் அந்த இரட்டைக் கணக்கு இங்கே 1982இல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை.

அதற்காகச் சுவிஸ் முறையை அப்படியே புகழவும் என்னால் முடியாது. 1959இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று அங்கே ஆண்களிடம் மட்டும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் முடியாது என்றார்கள். 1971இல்தான் ஒத்துக்கொண்டார்கள். இலங்கையில் 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அந்த ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் குடாநாட்டுத் தொகுதிகளில் வாக்களிப்பு 1934இல்தான் நடந்தது. அப்படிப் பார்த்தாலும் எங்கள் ஆச்சிமார், தங்கை இப்போது குடியிருக்கும் நாட்டுப் பெண்களைவிட முப்பத்தேழு வருடம் முந்தியவர்கள். இங்கே அதற்கு ஆண்களிடம் வாக்கெடுப்பு வைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

2009 நவம்பரில் சுவிஸில் பள்ளிவாசல் மினாரட்டுகளைப் புதிதாகக் கட்டத் தடை விதிக்கும் முன்மொழிவு 57.5 வீதத்தோடு வென்றது. அந்த நாடு முழுவதிலும் அப்போது இருந்தவை நாலே நாலு மினாரட்டுகள். அங்கே முடிவுகள் ஞாயிற்றுக்கிழமை வரும், எங்களுக்குப் பின்னேரம். தங்கை அன்று தொலைபேசியில், "அக்கா, இண்டைக்கு அவையின்ர கோபுரம், நாளைக்கு எங்கட கோபுரத்தைக் கேட்டால் என்ன செய்யிறது?" என்றாள். கலிபோர்னியாவில் 2008இல் ஒருபாலினத் திருமணம் சட்டபூர்வமாக இருந்த சில மாதத்துக்குள் பல்லாயிரம் சோடிகள் மணந்துகொண்டார்கள். அந்த நவம்பரிலேயே 52 வீதமானோர் வாக்களித்து அந்த உரிமையை எடுத்தார்கள். நீதிமன்றம் 2013இல் திருப்பிக் கொடுத்தது, அரசியலமைப்பில் கிடந்த அந்த வரியை மக்களே நீக்க 2024 ஆனது. பதினாறு வருடம் ஒருவரின் கலியாணம் ஊரார் வாக்கில் தொங்கியிருக்கிறது. ஒரு சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையிடம் வாக்குக்கு விடுவது பிழை என்பதே என் எண்ணம். விட்டுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தில், அந்த வாக்கை நாங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

அப்படிச் சட்டம் சொல்லும் இடம் எங்கள் நாட்டிலேயே வந்துவிட்டது. ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் அல்ல, பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் 2024 ஜூனில் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று தீர்மானித்தது. அதாவது அந்தச் சட்டமூலத்தை இதே வடிவில் யாராவது மீண்டும் எடுத்தால், இந்த நாட்டின் இரண்டாவது தேசிய சர்வசன வாக்கெடுப்பு ஆணும் பெண்ணும் சமமா என்பதைப் பற்றியதாக இருக்கும். புதிய அரசியலமைப்பு வந்தாலும் மக்களிடம்தான் வர வேண்டும். அப்போது எத்தனை வீதம் தேவை? அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரையில் இருக்கிறது: செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகள் மொத்த வாக்காளரில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், மொத்த வாக்காளரில் மூன்றில் ஒருவராவது ஆம் என்றிருக்க வேண்டும். மாகாணக் கணக்கு, மாவட்டக் கணக்கு எதுவும் இல்லை. புளோரிடாவின் அறுபது வீதத்தைச் சொல்லத் தெரிந்த எத்தனை பேருக்கு எங்கள் வீட்டுக் கணக்கு தெரியும்?

என் மேசையில் வந்த விடயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் இருக்கும் காணியை, அது தாய் தகப்பன் சீதனமாகக் கொடுத்ததாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் கையொப்பத்தைக் கேட்பதில்லை. சம்மதம் பெற முடியாத நிலை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்த பெண்களில் பலருக்குக் கணவர் எங்கே என்றே தெரியாது. இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க மனம் வராது, சம்மதக் கையொப்பத்துக்கும் வழி இல்லை. பிள்ளையின் படிப்புக்கோ சத்திரசிகிச்சைக்கோ ஒரு துண்டு காணியை விற்க வந்தவள், தன் சொந்தப் பெயரில் இருக்கும் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்து அழுவாள். நான் அவர்களுக்கு மனு எழுதியிருக்கிறேன். கணவன் உயிரோடு, வேறு குடும்பத்தோடு இருந்துகொண்டு, கையெழுத்துக்குப் பணம் கேட்ட கதைகளும் உண்டு. அவற்றை இங்கே விரிக்க விருப்பமில்லை.

அந்தப் பிரிவு போக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போகலாமா என்று வாக்கெடுப்பு வைத்தால் யார் வாக்களிப்பது? நாடு முழுக்க என்றால், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த எங்கள் வழமையைத் தேசவழமை தொடாத மாத்தறையும் குருநாகலும் தீர்மானிக்கும். இன்றைக்குச் சரியான முடிவைத் தந்தாலும், நாளைக்கு வேறொன்றைக் கேட்பதற்கு அதே கதவு திறந்திருக்கும். யாழ்ப்பாணத்தார் மட்டும் என்றால், சம்மதம் கொடுக்கும் அதிகாரத்தை வைத்திருக்கும் ஆண்களும் வாக்களிப்பார்கள், 1959இல் சுவிஸில் நடந்தது போல. பெண்கள் மட்டும் என்று எந்தச் சட்டமும் விடாது. இரவில் படுத்திருந்து நினைத்துப் பார்த்தாலும் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. பாராளுமன்றமே சாதாரணச் சட்டத்தால் நீக்கினால் நல்லது என்பதே என் விருப்பம். இப்படியான கேள்விகளை எங்கள் வாசகர்கள் வாக்குச்சீட்டு கைக்கு வரும் நாளுக்கு முன்னரே பேசிப் பழக வேண்டும். வெளிநாட்டு முடிவுகளை நுணுக்கமாக வாசிப்பது அதற்கு ஒரு பயிற்சி.

எங்கள் ஊருக்கே இது முற்றிலும் புதிதல்ல. பிரித்தானியர் காலத்தில் ஊரில் தவறணை இருக்கட்டுமா, மூடட்டுமா என்று ஊரவர்களே வாக்களிக்கும் முறை இருந்தது. யாழ்ப்பாணத்து மதுவிலக்கு இயக்கத்தவர்கள் அதைப் பயன்படுத்திக் கடைகளை மூடினார்கள். இன்று புதிய மதுக்கடைக்கு எதிராகப் பதாகையோடு வீதியில் நிற்கும் பெண்களுக்கு, தங்கள் பாட்டன்மார் இதை வாக்கால் தீர்த்தார்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை. இது பற்றியே ஒரு கட்டுரை தங்கள் ஞாயிறு மலரில் வரலாம்.

கருக்கலைப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அயர்லாந்தில் 2012இல் இறந்த சவிதா ஹலப்பனவர் கர்நாடகத்துப் பெண், பல் வைத்தியர், வயது 31. கரு தங்காது என்று தெரிந்த பிறகும், இதயத் துடிப்பு இருக்கிறது என்பதால் கருவை அகற்ற மறுத்தார்கள், கிருமி இரத்தத்தில் ஏறி இறந்தார். 2018 வாக்கெடுப்பில் அவரது முகம் டப்ளின் சுவரில் வரையப்பட்டது, வாக்களித்தவர்கள் அதில் குறிப்பு எழுதி ஒட்டினார்கள். அந்த வாக்கெடுப்புக்கு முன்னர் அரசாங்கம் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த 99 சாதாரண ஆட்களைக் கூட்டி, மாதக்கணக்கில் வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் இரு பக்கத்தாரையும் கேட்கவைத்தது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பாலியல் வன்முறையால் கர்ப்பமான பிள்ளைக்கும் விலக்கு இல்லை. இதில் நான் ஒரு பக்கம் நிற்கிறேன், அந்தப் பிள்ளையின் பக்கம். தங்கள் வாசகர்கள் பலர் மறுபக்கம் நிற்கலாம். அவர்களுடைய கடிதங்களையும் போடுங்கள், வாசிப்பேன்.

இப்போது வேண்டுகோள். நவம்பர் 4ஆம் திகதி காலை எங்கள் நேரம் ஆறரைக்கு மிசூரியிலும் எட்டரைக்கு நெவாடாவிலும் வாக்களிப்பு முடியும். 5ஆம் திகதிப் பதிப்பில் கால் பக்கம் போதும். கேள்வியின் வாசகம் தமிழில், "ஆம்" என்றால் என்ன நடக்கும், "இல்லை" என்றால் என்ன நடக்கும், தேவையான வீதம், எண்ணப்பட்ட அளவு, 2024இல் அதே மாநிலம் சொன்னது. இரண்டு மாநிலத்து வாக்குச்சீட்டு வாசகங்களையும் அண்ணன் மகன் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். சட்ட வாசகத்தைத் தமிழில் எழுதுவது எனக்குப் பழகிய வேலை. எழுதி, எங்கள் அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரையையும் கீழே சேர்த்து, ஒக்டோபர் கடைசி வாரத்தில் தங்கள் அலுவலகத்தில் நேரில் தருகிறேன். ஒரு சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுவினைஞர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.